மண்ணுக்கு ஒரு பசை: சாலைக்கு அடியில் நடந்த எண்பது வருடக் கதை

ஒரு ரோடு குண்டும் குழியுமாகிவிட்டால் எல்லோரும் முதலில் திட்டுவது தாரைத்தான். "கான்ட்ராக்டர் தாரைக் குறைச்சுட்டான்" என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல ரோடுகளில் உண்மையான குற்றவாளி தாருக்கும் ஜல்லிக்கும் கீழே, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அது மண்.

லாரி போகும்போது அதன் பாரம் தார் வழியாக ஜல்லிக்கும், ஜல்லி வழியாக மண்ணுக்கும் இறங்குகிறது. கடைசியில் எல்லாப் பாரத்தையும் தாங்குவது மண்தான். காய்ந்திருக்கும்போது களிமண் கல் மாதிரி இருக்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் அதே மண் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். பிறகு மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அது பள்ளம் விழத்தான் செய்யும்.

இதற்கு ரொம்பப் பழைய வைத்தியம் இரண்டு. ஒன்று, கெட்ட மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு வேறு இடத்திலிருந்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது. இன்னொன்று, இருக்கிற மண்ணிலேயே எதையாவது கலந்து அதை நல்ல மண்ணாக்குவது. ரோமானியர்கள் காலத்திலிருந்து சுண்ணாம்பு கலந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் வந்தது. அதற்கும் பிறகு வந்தது பாலிமர், அதாவது பிளாஸ்டிக், ஃபெவிகால், எமல்ஷன் பெயிண்ட் எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய குடும்பம். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி ஆளைப் பற்றியது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பாலிமர், ரோடு என்றதும் நம் ஆட்களுக்கு உடனே மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்தான் நினைவுக்கு வருவார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கழிவு கலந்த தார் ரோடு போட்டவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவருடைய முறையில் சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். அது ரோட்டின் மேல் அடுக்கு. இங்கே பேசப் போவது கீழ் அடுக்கான மண்ணைப் பற்றி. இரண்டுக்கும் பெயர் பொருத்தம் தவிர பெரிய சம்பந்தம் இல்லை.

முதலில் சிமெண்ட்

பாலிமரின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அதன் போட்டியாளரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1935இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஜான்சன்வில் என்ற சிற்றூருக்கு அருகே சுமார் ஒன்றரை மைல் நீளத்துக்கு, மண்ணில் சிமெண்டைக் கலந்து ஒரு பரிசோதனை ரோடு போட்டார்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையும், மத்திய அரசின் சாலை அலுவலகமும், போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கமும் சேர்ந்து செய்த வேலை அது. மண்ணில் சிமெண்ட் கலப்பது அதற்கு முன்னாலும் அங்கங்கே நடந்ததுதான். ஆனால் ஆய்வகத்தில் அளந்து, கணக்குப் போட்டு, பிறகு களத்தில் இறங்கியது இங்கேதான்.

இந்தச் சங்கம் செய்த காரியத்தில் கவனிக்க வேண்டியது ரோட்டைவிட அதன் பரிசோதனை முறையை. சிமெண்ட் கலந்த மண்ணை ஓர் உருளையாகச் செய்து 5 மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு 42 மணி நேரம் சுமார் 71 டிகிரி சூட்டில் காய வைக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்க்க வேண்டும். இப்படி 12 தடவை. கடைசியில் எவ்வளவு எடை உதிர்ந்து போயிருக்கிறது என்று பார்த்தால், எத்தனை சதவீதம் சிமெண்ட் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்த முறையை ஊர் உலகத்துக்கே வெளியிட்டுவிட்டார்கள். எந்த ஊர் இன்ஜினியரும் ஒரு அடுப்பு, ஒரு பிரஷ், ஒரு தராசு வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். சிமெண்ட் விற்க வேண்டும் என்ற சுயநலம் அதில் நிச்சயம் இருந்தது. ஆனால் ரகசியம் எதுவும் இல்லை.

அதே காலத்தில், 1933இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தண்ணீர்த் துறையில் அணை கட்டிக்கொண்டிருந்த ரால்ஃப் பிராக்டர் என்ற பொறியாளர் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதினார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதம் உண்டு, அந்த ஈரத்தில் உருட்டினால்தான் அது மிக நெருக்கமாக அமுங்கும் என்பதுதான் அது. ஆக, மண்ணுக்குக் கலக்கக்கூடியவற்றிலேயே மலிவானது தண்ணீர்! பின்னாளில் வந்த விலை உயர்ந்த ரசாயனங்கள் பல, சரியாக ரோலர் ஓட்டியதால் கிடைத்த பலனைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு.

போரும் சேறும்

இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் இறங்கத் தரை வேண்டும், அதுவும் நாளைக்கே வேண்டும். அமெரிக்கர்கள் ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளை ஒன்றோடு ஒன்று கொக்கி மாட்டித் தரையில் விரித்தார்கள். ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ எடை. 5,000 அடி நீளமும் 150 அடி அகலமும் உள்ள ஓடுதளத்துக்குக் கணக்குப் போட்டால் 60,000 தகடுகள், 1,800 டன் இரும்பு வரும். அதைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோக வேண்டும். பர்மாப் போர்முனையில் பிரிட்டிஷ் ராணுவம் கோணித் துணியைத் தாரில் நனைத்து, சமப்படுத்திய மண்ணின் மேல் கூரை வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து ரோடும் விமானத் தளமும் போட்டது. பருவமழைக்கு எதிரே அது ஒரு அவசர வைத்தியம், அவ்வளவுதான்.

இந்த அனுபவத்திலிருந்துதான் ராணுவங்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒரு டப்பாவில் ஏதாவது ஒரு திரவம். சேற்றில் ஊற்றினால் சில மணி நேரத்தில் அது இறுக வேண்டும், மேலே லாரியும் விமானமும் போக வேண்டும். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருந்தாலும், ரசாயனத் துறையில் புதுப்புது பிளாஸ்டிக்குகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. "ஏன் முடியாது?" என்றுதான் பலருக்கும் தோன்றியது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் விண்டர்கார்ன் அனிலின், ஃபர்ஃபுரால் என்ற இரண்டு திரவங்களை மண்ணில் கலந்து பிசினாக்கிப் பார்த்தார். ஃபர்ஃபுரால் என்பது சோளக் கதிர்த் தண்டு, ஓட்ஸ் உமி போன்ற விவசாயக் கழிவிலிருந்து எடுப்பது. அனிலினோ தோல் வழியாகவே உடம்புக்குள் போகிற விஷம். கடற்கரை மணலை இறுக்க வழி தேடிய ஆராய்ச்சியில் இந்த ஜோடிக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் இதை ஆயிரக்கணக்கான கூலியாட்கள் கையாளும் ஊர் ரோடு வேலைக்குக் கொண்டுவருவது யோசிக்கவே முடியாத காரியம்.

அதைவிட சுவாரசியமானது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. வில்லியம் லாம்ப் என்ற மண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ராணுவத்துக்காக கால்சியம் அக்ரிலேட் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். (சிவில் படிக்கும் நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1969இல் விட்மனோடு சேர்ந்து மண் இயக்கவியல் பாடப்புத்தகம் எழுதிய அதே லாம்ப்தான்.) அதுவரை எல்லோரும் தயாராக இருக்கிற பசையை மண்ணில் கலக்கப் பார்த்தார்கள். இவர்கள் பசையை மண்ணுக்குள்ளேயே தயாரிக்கப் பார்த்தார்கள்.

பாலிமர் என்பது ஒரு நீளமான சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணிக்கும் மோனோமர் என்று பெயர். சங்கிலி பெரியது, மண்ணின் சின்னச் சின்ன இடுக்குகளுக்குள் போகாது. கண்ணியோ மிகச் சிறியது, தண்ணீரில் கரைந்து எங்கும் போய்விடும். ஆகவே கண்ணிகளை ஈர மண்ணில் கலந்து, கூடவே ஒரு வினையூக்கியையும் போட்டுவிட்டால், அவை மண்ணுக்குள்ளேயே ஒன்றோடு ஒன்று கைகோர்த்துச் சங்கிலியாகிவிடும். 1951இல் லாம்ப் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சேறாக இருந்த களிமண் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் பொருளாக மாறியது. சிமெண்ட் கலந்த மண் விரிசல் விடும், இது விடாது. தண்ணீரில் கரையவும் இல்லை.

அப்படியானால் உலகத்தில் உள்ள எல்லா ரோட்டுக்கும் இதைப் போட்டிருக்கலாமே? இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு கிராமத்து ஒற்றை வழிச் சாலை 3.75 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைப் பலப்படுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 560 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,000 டன் மண். அந்தச் சோதனைகளில் மண்ணின் எடையில் 10 சதவீதம் அளவுக்கெல்லாம் ரசாயனம் சேர்த்தார்கள். ஆக ஒரு கிலோமீட்டருக்கு 100 டன்! ஒரு பிளாஸ்டிக் வாளி செய்யத் தேவையான பொருளை லாரி லாரியாக மண்ணில் புதைக்க வேண்டும். 5 சதவீத சிமெண்ட் என்றால் 50 டன்னோடு முடிந்தது, அதன் விலையும் இதற்குப் பக்கத்திலேயே வராது. போர்க்களத்தில் விலையை யாரும் பார்ப்பதில்லை. பஞ்சாயத்து ரோட்டில் விலையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

இதே சமயத்தில், 1951 டிசம்பரில், மான்சாண்டோ நிறுவனம் கிரிலியம் என்ற பாலிமர் தூளை விவசாய மண்ணுக்காக அறிவித்தது. இறுகிய களிமண் பொலபொலவென்று ஆகும் என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, தோட்டம் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். சில வருடங்களில் அதுவும் போன இடம் தெரியவில்லை. காரணம் அதேதான், விலை.

ஒரு கிணற்றில் நடந்தது

விலை மட்டும்தான் பிரச்சினை என்றால் இது சாதாரண வியாபாரக் கதையாக முடிந்திருக்கும். மோனோமரை மண்ணுக்குள் செலுத்தும் யோசனை ரோட்டில் தோற்றாலும், சுரங்கம், பாதாளச் சாக்கடை, அணை போன்ற வேலைகளில் கசிவை அடைக்கும் முறையாகப் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பயன்பட்டது அக்ரிலமைடு. அமெரிக்கன் சயனமிட் நிறுவனம் 1950களில் ஏஎம்-9 என்ற பெயரில் அதை விற்றது. தண்ணீர் போலவே ஓடும், நினைத்த நேரத்தில் ஜெல்லி போல உறையும். சங்கிலியாகச் சேர்ந்துவிட்டால் அதனால் ஆபத்து இல்லை. சேராமல் தனியாக நிற்கும் கண்ணிகள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

1974இல் ஜப்பானின் ஃபுகுவோகா மாகாணத்தில் ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு அடுத்தடுத்து வினோதமான நோய் வந்தது. மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, நடக்கும்போது தள்ளாட்டம். விசாரித்ததில், வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் அதற்கு முன் சாக்கடை வேலைக்காக மண்ணில் அக்ரிலமைடு செலுத்தியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அக்ரிலமைடு இருந்தது. உறையாமல் மிச்சமிருந்தது நிலத்தடி நீரோடு நகர்ந்து கிணற்றுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டே ஜப்பான் அரசு, சோடியம் சிலிகேட் வகையைத் தவிர மற்ற ரசாயனங்களை மண்ணில் செலுத்துவதற்குத் தடை போட்டது. 1978இல் ஏஎம்-9 சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆய்வகக் குடுவையில் நூற்றுக்கு நூறு நடக்கும் வினை, நிலத்துக்கு அடியில், ஓடும் தண்ணீரில், கூலியாள் கையால் அளந்து ஊற்றும்போது நூற்றுக்கு நூறு நடக்காது. அந்தக் குடும்பம் ரோடும் போடவில்லை, சாக்கடையும் வெட்டவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைப் பால்

இதற்கிடையே இன்னொரு வகைப் பாலிமர் வேறு வழியில் வந்து சேர்ந்தது. போருக்குப் பிறகு எமல்ஷன் பெயிண்டும் வெள்ளைப் பசையும் உலகமெங்கும் பரவின. நம் ஊரில் ஃபெவிகால் வந்தது 1959இல். இவற்றின் அடிப்படை பாலிவினைல் அசிடேட், அக்ரிலிக் போன்ற பாலிமர்கள். தொழிற்சாலையிலேயே சங்கிலியாகிவிட்ட பாலிமர் மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கும். பார்ப்பதற்குப் பால் மாதிரி இருக்கும். தண்ணீர் ஆவியானதும் துளிகள் நெருங்கி, ஒட்டி, மெல்லிய படலமாகிவிடும். மோனோமர் போல நரம்பைத் தாக்கும் ஆபத்து இல்லை, பெயிண்ட் தொழிலின் புண்ணியத்தில் விலையும் இறங்கியது.

வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறங்கும்போது கிளம்பும் புழுதியில் விமானிக்குத் தரையே தெரியாமல் போவது பெரிய தொல்லையாக இருந்தது. புழுதியை அடக்க அமெரிக்க ராணுவம் பெரும்பாலும் தார் வகைத் திரவங்களைத் தெளித்தது. கூடவே பாலிவினைல் அசிடேட் எமல்ஷனையும் மிசிசிப்பியில் விக்ஸ்பர்க் ஊரில் உள்ள தன் ஆய்வு நிலையத்தில் சோதித்தது. புழுதி அடங்கியது. ஆனால் புழுதியை அடக்குவது வேறு, லாரியைத் தாங்குவது வேறு. மேலே மெல்லிய தோல் இருந்தால் புழுதிக்குப் போதும். பாரத்தைத் தாங்க அரை அடி ஆழத்துக்கு மண் முழுவதும் பிடிப்பு வேண்டும்.

இந்த வித்தியாசத்தைத்தான் பிறகு வந்த விற்பனையாளர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். மண்ணைப் பாறையாக்கும் என்று சொல்லிப் பல பெயர்களில் திரவங்கள் சந்தைக்கு வந்தன. சில பாலிமர், சில நொதி, சில அமிலம், சில காகித ஆலைக் கழிவு. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், அது வியாபார ரகசியம். சரி, எந்த மண்ணுக்கு எவ்வளவு போட வேண்டும்? அதையும் கம்பெனியே சொல்லும். எப்படிச் சோதிப்பது? பக்கத்து நாட்டில் போட்ட ரோட்டின் போட்டோவைப் பாருங்கள்! வாங்குகிறவருக்கு ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வழியே இல்லாத சந்தை இது. அப்படிப்பட்ட சந்தையில் நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் ஒரே விலைக்கு நிற்கும். கடைசியில் நல்ல சரக்கின் பெயரும் சேர்ந்து கெடும். 1930களில் சிமெண்ட்காரர்கள் செய்ததற்கு நேர் எதிரான வழி.

2000களின் தொடக்கத்தில் விக்ஸ்பர்க் ஆய்வாளர்களே மறுபடியும் இதைக் கையில் எடுத்தார்கள். சான்டோனி, டிங்கிள், வெப்ஸ்டர் ஆகியோர் 2002இல் வண்டல் கலந்த மணலை வைத்தும், அடுத்த ஆண்டு டிங்கிளும் சான்டோனியும் களிமண்ணை வைத்தும் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தையில் கிடைத்த திரவங்களை வகைக்குச் சிலவாக வாங்கி, சிமெண்ட், சுண்ணாம்பு போன்ற பழைய ஆட்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். உலர்ந்த நிலையில் உடைத்துப் பார்த்தார்கள், நனைத்தும் உடைத்துப் பார்த்தார்கள். கம்பெனிப் பெயர்களுக்குப் பதிலாக "பாலிமர் 1", "பாலிமர் 2", "நொதி 1" என்றுதான் எழுதினார்கள்.

மணலில் பாலிமர்களுக்கு நல்ல மதிப்பெண். புதுவகைத் திரவங்களில் அவைதான் முன்னணியில் நின்றன. நொதி, அமில வகைகள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் நனைந்ததும் பல மாதிரிகள் பலத்தை இழந்தன. களிமண்ணில் பலன் இன்னும் குறைவு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மணல் துகள் பெரியது, அதன் மேல் படலம் எளிதாகப் படியும். களிமண் துகள்களின் மொத்தப் பரப்போ மிக மிக அதிகம், அவ்வளவையும் போர்த்தப் பசை போதாது. இன்னொரு சங்கடமும் உண்டு. எமல்ஷன் இறுக வேண்டுமானால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். மண்ணைக் கலந்து உருட்டிய கையோடு மேலே தாரைப் போட்டு மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

ஆஸ்திரேலியர்கள் இதை வேறு கோணத்தில் பார்த்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கே உலர் தூள் பாலிமர் பயன்பாட்டில் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலின் மேல் தண்ணீரில் கரையாத பாலிமரைப் பூசி, பெரும்பாலும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்து, மண்ணில் 1 அல்லது 2 சதவீதம் கலப்பார்கள். மண்ணை ஒட்ட வைப்பது இதன் வேலையே இல்லை. களிமண் காய்ந்திருக்கும்போது ஏற்கெனவே பலமாகத்தான் இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது கணக்கு. சுண்ணாம்பு களிமண்ணைச் சிறு கட்டிகளாகத் திரட்டும், பாலிமர் அந்தக் கட்டிகளுக்கு மழைக்கோட்டு மாட்டும். சிமெண்ட் மாதிரி இறுகாததால் விரிசலும் இல்லை. எண்பது வருடக் கதையில் இதுதான் புத்திசாலித்தனமான திருப்பம் என்று தோன்றுகிறது. எதிரி யார் என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட யோசனை.

இந்தியாவில் மண் பலப்படுத்தும் ஆராய்ச்சி புதிதல்ல. எஸ்.ஆர். மெஹ்ரா உருவாக்கிய, மணலும் களிமண்ணும் சரியான விகிதத்தில் கலந்து மேலே செங்கல் ஜல்லி போடும் முறை நம் பொறியியல் பாடப்புத்தகங்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதில் ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது. 2000 டிசம்பர் 25இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிய பிறகுதான், ஜல்லிக்கு எங்கே போவது என்ற கேள்வி பெரிதானது. கரிசல் மண் பகுதிகளிலும் ஆற்று வண்டல் சமவெளிகளிலும் நல்ல ஜல்லியை வெகுதூரத்திலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டும். இருக்கிற மண்ணையே பயன்படுத்த முடிந்தால் அந்த லாரி வாடகை மிச்சம். பாலிமருக்கு ஒரு பொருளாதார நியாயம் இருக்கிறது என்றால் அது இங்கேதான், சிமெண்டோடு மோதுவதில் இல்லை. சுமார் 2 அல்லது 3 சதவீதம் எமல்ஷன் என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு 20, 30 டன் வரும். 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குவாரி ஜல்லியோடு ஒப்பிடும்போது சில இடங்களில் அது கட்டுப்படியாகலாம்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2010இல் சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் ஆகியவற்றுக்கு வழிகாட்டு நூல் வெளியிட்டது. அதன் இரண்டாம் பாகம் 2018இல் வந்தது. புதுப் பொருள்களுக்கு அங்கீகாரம் கொடுத்து, சோதனைச் சாலைகளில் போட்டுப் பார்க்கும் ஏற்பாடும் அந்த அமைப்பிடம் இருக்கிறது. மண்ணில் கலந்த பாலிமர் வருடக்கணக்கில் தேய்ந்து நுண்பிளாஸ்டிக்காக எங்கே போகும் என்ற புதுக் கேள்வியும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஊற வைத்து, காய வைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும் அந்தப் பழைய அமெரிக்க முறை 1968இலேயே இந்தியத் தர நிர்ணயமாக நம் புத்தகத்தில் ஏறிவிட்டது. தார் ரோடு வடிவமைப்புக்கான வழிகாட்டு நூலும், சிமெண்ட் போன்றவை கலந்த அடித்தளம் 12 சுற்றுக்குப் பிறகு 14 சதவீதத்துக்கு மேல் எடை இழக்கக்கூடாது என்று அதையே மேற்கோள் காட்டுகிறது. டப்பாவில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் அந்தச் சோதனைக்கு எடுக்கும் நேரம் ஒன்றுதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நாள், மொத்தம் 24 நாள்.